கணுக்கால் அளவு துயரம்

மக்கள் நலனில் நகர நிர்வாகத்துக்கு அக்கறை அதிகம். அந்த அக்கறை ஒருநாள் தாங்க முடியாமல் பெருகிவிட்டது. உடனே குறைதீர்க்கும் பிரிவிலிருந்த பொறியாளரைத் தூக்கிவிட்டு, அவர் இடத்தில் உடல்வழி மனநல ஆலோசகர் ஒருவரை உட்கார வைத்தார்கள். இத்தனை வருஷமாகக் குழாயையும் ரோட்டையும் சரிசெய்து பார்த்தாகிவிட்டது, மனு வருவது நிற்கவில்லை. இனிமேல் மனு கொடுக்கிறவர்களைச் சரிசெய்துவிட்டால் போதும் என்பது மேலிடத்து யோசனை.

தையல்காரம்மாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவள் கவலை அவளுக்கு. கடை வாசலில் சாக்கடை உடைந்து, அழுக்குத் தண்ணீர் படியேறி உள்ளே வந்துகொண்டிருந்தது. மெஷினை மிதித்தால் சளக் சளக் என்று சத்தம். ஒரு கல்யாணத் துணியின் ஓரம் கறைபட்டு, அந்த வாடிக்கைக்காரி பேசிவிட்டுப் போன பேச்சு இன்னும் காதில் நின்றது. இன்னும் ரெண்டு பேர் அப்படிப் போனால் கடையைப் பூட்டவேண்டியதுதான்.

ஆலோசகர் அறையில் மேஜை நாற்காலி எதுவும் கிடையாது. தரையில் ஒரு பாய். மனுஷர் நல்ல மாதிரிதான். குரலைக்கூடத் தேனில் ஊறப்போட்டு எடுத்தாற்போலிருந்தது.

"சாக்கடை உடைஞ்சிருக்கு சார்."

"அது வெளிய. உங்க உடம்புல அது எங்க இருக்கு?"

தையல்காரம்மா நேர்மையாகவே யோசித்தாள். "கணுக்கால்ல சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வந்த உடனே பிடிச்சிட்டீங்களே! சில பேருக்கு மாசக்கணக்கா ஆகும்." சுற்றி வந்து பார்த்தார். "தாடை இறுகிக் கிடக்கு. சொல்லாத சொல்லை அடக்கி வெச்சிருக்கீங்க."

"குண்டூசி சார். வாயில கவ்விக்கிட்டேதான் வேலை செய்றது."

"குத்துற சொல்லுதான். யார்கிட்ட சொல்லணும்னு தோணுது?"

"உங்ககிட்டதான் சார். சாக்கடை உடைஞ்சிருக்கு."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "வலது தோள் இறங்கியிருக்கே?"

"கத்தரி பிடிக்கிற கை."

"யாரையோ வெட்டிவிட நினைக்குது அந்தக் கை. வீட்டுக்காரரா?"

"அவரு காஜா எடுக்கிறாரு சார். அவரை வெட்டிவிட்டா அப்புறம் யாரு எடுப்பா?"

ஆலோசகர் கோப்பில் எழுதினார்: மனுதாரரின் துயரம் தற்போது கணுக்கால் அளவில் உள்ளது. மேலும் உயரும் பட்சத்தில் உரிய பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

போகும்போது, அடுத்த தடவை தொளதொளவென்று உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்றும், இறுக்கமான உடையில் துயரம் நகராது என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்காரர் ஊசியும் நூலுமாகக் காத்திருந்தார். "எப்ப வந்து பாக்கிறாங்களாம்?"

"உடம்பைத் தளர்த்தணுமாங்க. மூச்சை நல்லா இழுத்து விடணுமாம், அடிவயித்துலேர்ந்து."

அவர் வாசலைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். "விடறதை வேணா நான் செய்றேன். இழுக்கிறதை நீயே பாத்துக்க."

மிச்சமிருந்த லைனிங் துணியில் தனக்கொரு தொளதொளப்பான சட்டையும் கால்சட்டையும் தைத்துக்கொண்டாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புது உடையோடு மறுபடி ஆலோசகரிடம் போனாள்.

"சார், முழங்காலுக்கு வந்துடுச்சு."

"பாத்தீங்களா, மேல ஏறுது! தொண்டைக்கு வந்ததும் தானா வெளிய போயிடும். இப்ப நடுவுல தடுக்கறதுதான் ஆபத்து."

"தொண்டைக்கு வந்தா நான் இருக்கமாட்டேனே சார்."

"அந்த நான் போறதுதாம்மா சிகிச்சையே."

பாயில் படுக்கச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து பகலில் படுத்தறியாதவள், கூச்சத்தோடு படுத்தாள். கையைக் காலை உதறச் சொன்னார், உதறினாள். பெருமூச்சு விடச் சொன்னார். அதற்குப் பஞ்சமா? ஒன்றை விட்டதும் பின்னாலேயே வரிசைகட்டி வந்தது. தோள்பட்டைக்கு நடுவில் விரலை வைத்து, "இங்க வலிக்குதா?" என்று கேட்டார். இதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

எழுந்து உட்கார்ந்தபோது, வருஷக்கணக்காகப் படுத்திய கழுத்து வலி நிஜமாகவே போயிருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால், கழுத்து பஞ்சுபோலத் திரும்புகிறது. இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு யாரிடம் சண்டை போடுவது?

ஆலோசகர் எழுதினார்: மனுதாரரின் துயரம் கண் வழியாக முறைப்படி வெளியேற்றப்பட்டது. சாக்கடை தொடர்பான மனு முடித்துவைக்கப்படுகிறது.

"சாக்கடை அங்கேயே இருக்கே சார்."

"இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்குள்ள இல்லையே." பிறகு அவள் உடையை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். "இதை யாரு தெச்சது?"

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. மனு கொடுக்க வருவோர் அனைவரும் தளர்வு உடை அணிந்திருத்தல் அவசியம். மேற்படி உடை அங்கீகரிக்கப்பட்ட கடையில் மட்டுமே தைக்கப்பட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கடை எது என்று சொல்லவேண்டியதில்லை. ரோட்டில் பள்ளம் என்று வந்தவர், விளக்கு எரியவில்லை என்று வந்தவர் எல்லாம் முதலில் தையல்காரம்மா முன்னால் கையை விரித்து நின்றார்கள். காஜா எடுத்து எடுத்து வீட்டுக்காரருக்கு விரல் காய்த்துப்போனது. வந்த வருமானத்தில் வாசலில் செங்கல் அடுக்கி உயரமாக மேடை கட்டினாள். தண்ணீர் வந்தது, மேடையை முட்டியது, பக்கத்து சலூனுக்குள் திரும்பிக்கொண்டது.

சலூன்காரர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, கடைக்குள்ள தண்ணி. வெட்டின முடியெல்லாம் மிதக்குது. ஒருத்தன் வந்து உக்கார மாட்டேங்கிறான். மனு போடப்போறேன்."

"போடு தம்பி. கையை விரி, அளவெடுக்கிறேன்."

"நீங்களும் கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. உங்க கடையிலயும் வந்ததுதானே? ரெண்டு பேராப் போனா மதிப்பாங்க."

தையல்காரம்மா டேப்பை அவர் இடுப்பில் சுற்றினாள்.

"எனக்குத்தான் துயரம் தீர்ந்துபோச்சே தம்பி. ஆபீஸ்லயே எழுதி முடிச்சுட்டாங்க. இப்ப போயி இருக்குன்னு சொன்னா பொய்யில்லையா?"

"பொய்தான்," என்றார் சலூன்காரர், கொஞ்சம் யோசித்துவிட்டு.

"காலை அகட்டி நில்லு." குனிந்து நீளம் பார்த்தாள். "முழங்காலோட நிறுத்திடறேன். மழை இன்னும் முடியல."