எதிர்க்கடை விலை

எதிர்க்கடைப் பலகையில் விலை மறுபடியும் இறங்கியிருந்தது.

பிரேமகுமார் தன் கடையின் இரும்புக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தார். அப்படியே குனிந்து, கதவுக்கு அடியில் தலையை நீட்டி, சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். 'கேம் கன்சோல் 1,999 ரிங்கிட் மட்டுமே' என்று சிவப்பு எழுத்தில் பளிச்சென்று இருந்தது. நேற்று மாலை தன் பலகையில் 2,049 என்று எழுதியபோது விரலில் ஒட்டிய மைகூட அவருக்கு இன்னும் போகவில்லை.

"அலமாக்!" என்றார். கதவு நழுவி முதுகில் விழுந்தது.

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் அந்தச் சாலையில் பல வருடமாக அவர் ஒருவர்தான் வீடியோ கேம் வியாபாரி. கன்சோல் பெட்டி, அதில் போட்டு விளையாடும் டிஸ்க், கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் எல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். மாணவர்கள் பேரம் பேசினால், "வேணும்னா ஜேபி டவுனுக்குப் போய் வாங்கிக்க லா. ஜாம்ல உக்காந்துட்டு நாளைக்கு வந்து சேரு" என்பார். எதிர்வரிசையில் உபைத் கடை திறந்ததிலிருந்து அந்த வசனத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

உபைதின் குடும்பம் பரம்பரையாகச் சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பம். "ரொட்டி சானாய் வீசுறவனுக்கு கேமைப் பத்தி என்ன தெரியும்? மூணு மாசத்துல மூடிட்டுப் போயிருவான்" என்று பிரேமகுமார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். இப்போது முதுகைத் தடவிக்கொண்டே மை டப்பாவைத் தேடினார். 1,949 என்று எழுதினார்.

மறுநாள் காலை எதிரில் 1,899.

அவர் 1,849 என்று எழுதிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துப் பாலம் தாண்டி வந்த அவர் மனைவி ஷாமளா பின்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, இந்தப் பெட்டிய நாம என்ன விலைக்கு வாங்குறோம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

"அப்போ விக்க விக்க நட்டமா?"

"உனக்கு வியாபாரம் புரியாது ஷாமளா. உலகத்துல பெட்டி செய்யுற பெரிய பெரிய கம்பெனியே பெட்டிய நட்டத்துல விக்கிறதுண்டு. பெட்டி வீட்டுக்குள்ள போயிருச்சின்னா அப்புறம் வருசம் பூரா டிஸ்க் வாங்கித்தானே ஆகணும்? அங்க புடிச்சிருவாங்க. பெட்டி தூண்டில். டிஸ்க்தான் மீன்."

"அந்தக் கம்பெனிக்கு எத்தனை தூண்டில் போனாலும் தாங்கும். நமக்கு வீட்டுக்கு முன்பணம் கட்ட வச்சிருக்கிற காசுதான் இருக்கு."

"மீன் வரும்மா. பொறுமையா இரு."

அன்றைக்குக் கூட்டம் வந்தது. மாணவர்கள் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரேமகுமாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருவனிடம் கேட்டார், "எதிர்க்கடைக்குப் போகலியா தம்பி?"

"போனோம் அண்ணே. அங்க இல்லன்னுட்டாங்க. ஒரு பெட்டிகூட இல்ல. அதான் இங்க வந்தோம்."

பிரேமகுமாரின் முகம் தொங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே எல்லாப் பெட்டியும் விற்றுத் தீர்ந்துவிட்டதா? அப்படியானால் தனக்கு வந்த கூட்டம், அங்கே கிடைக்காமல் மிஞ்சிய கூட்டம்!

அவருக்குக் கூட்டம் சேர்ந்ததே தவிர, மீன் சேரவில்லை. பெட்டி வாங்கியவர்கள் யாரும் டிஸ்க் வாங்கவில்லை. பெட்டியைக் கையில் பிடித்தபடி சாலையைக் கடந்து உபைத் கடைக்குள் நுழைந்தார்கள். வெளியே வரும்போது பை பையாக டிஸ்க்.

"ஏன்டா தம்பி, என்கிட்ட இல்லாத டிஸ்கா?"

"அங்க இருபது வெள்ளி கம்மி அண்ணே."

பிரேமகுமார் இரவெல்லாம் யோசித்து ஒரு திட்டம் போட்டார். பெட்டி வாங்கினால் ஒரு டிஸ்க் இலவசம்! ருசி காட்டிவிட்டால் அடுத்த டிஸ்க்குக்குத் தன்னிடம்தானே வருவார்கள்?

இலவச டிஸ்க்கும் சாலையைக் கடந்தது. உபைத் கடையில் பழைய டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அவர்களுடைய கண்ணாடி அலமாரியில் அவர் இலவசமாகக் கொடுத்த டிஸ்க்குகளெல்லாம், 'பாவித்தது, புதிது போலவே' என்ற சீட்டோடு, அவர் விலையில் பாதிக்கு அடுக்கியிருந்தன. ஒன்றின் மேல் 'பிரேம் கேம்ஸ், அன்பளிப்பு' என்ற அவருடைய ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்ததை ஒரு மாணவன் போட்டோ எடுத்து வந்து காட்டினான்.

அன்று மாலை உபைதே நேரில் வந்துவிட்டான். கையில் பையில் கட்டிய தே தாரேக், நுரை பொங்கும் பால் தேநீர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"அண்ணே, நின்னுக்கிட்டே இருக்கீங்க. இத குடிங்க. நம்ம வாப்பா கடை தே. பிசினஸ் எப்படி?"

"எனக்கென்ன? சூப்பர்!"

"பாக்குறேன் அண்ணே, பாக்குறேன். உங்கள மாதிரி ஒரு வியாபாரி எதிர்ல கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்."

"பயந்துட்டான்" என்று பிரேமகுமார் ஷாமளாவிடம் சொன்னார். தே மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனாலும் அவன் இத்தனை மலிவாக எப்படி விற்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஷாமளாவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, தலையில் தொப்பி வைத்து உளவு பார்க்க அனுப்பினார். கல்லாவில் இருந்த பெண்ணிடம் கன்சோல் விலை விசாரித்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஷாமளா அரை மணி நேரம் கழித்து ஒரு பையோடு வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"சம்சாத் பேகம்னு ஒரு பொண்ணு. புதுசா வேலைக்குச் சேந்திருக்காம். தங்கமான பொண்ணு. 'பெட்டி இங்க இல்லக்கா, எதிர்ல இருக்கு, அங்க வாங்கிக்கிங்க'ன்னு கதவு வரைக்கும் வந்து நம்ம கடையைக் காட்டிட்டுப் போனா."

"பாத்தியா! பாத்தியா! இன்னிக்கும் வித்துத் தீந்துபோச்சு! மிச்ச ஆளை நமக்குப் பிச்சை போடுறானுங்க! அது என்ன பையி?"

"கன்ட்ரோலர். உங்க அக்கா மகனுக்குப் பொறந்தநாள் வருதுல்ல? ரொம்ப சீப் லா அங்க."

பிரேமகுமார் அன்று மனைவியோடு பேசவில்லை. கோலாலம்பூரிலிருந்து பெட்டி அனுப்பும் மொத்த வியாபாரி ராஜசேகரனுக்குப் போன் போட்டார்.

"ராஜசேகரன் அண்ணே, உண்மைய சொல்லுங்க. எதிர்க்கடைக்கு என்ன விலைக்குக் குடுக்குறீங்க?"

"எந்த எதிர்க்கடை? ஸ்கூடாய்ல உங்களுக்கு மட்டும்தான் தம்பி நான் சரக்கு அனுப்புறேன்."

"அப்போ சிங்கப்பூர்லேருந்து இறக்குறான்!" என்று பிரேமகுமார் மேசையைத் தட்டினார். இந்த ஆள் லேசுப்பட்டவன் இல்லை. உலக லெவலில் விளையாடுகிறான்.

இனி விலையைக் குறைத்து ஜெயிக்க முடியாது, ஏற்றித்தான் ஜெயிக்கவேண்டும் என்று போனில் ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். விலை அதிகம் என்றால் தரம் அதிகம் என்று ஜனங்கள் நினைப்பார்களாம். பிரேமகுமார் உடனே 2,500 என்று எழுதி, மேலே 'விஐபி விலை' என்று போட்டார். வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்தார். அந்த வாரம் முழுக்க அந்தக் கம்பளத்தை மிதித்தது ஒரே ஒரு பூனை. அதுவும் படுத்துத் தூங்கிவிட்டுப் போய்விட்டது.

எதிர்ப்பலகையில் 1,599 என்று இருந்தது.

பிரேமகுமாருக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. கம்பளத்தைச் சுருட்டி உள்ளே எறிந்தார். 1,549 என்று பலகை முழுக்க எழுதினார். மதியத்துக்குள் வரிசை பெட்ரோல் நிலையம் வரைக்கும் போய்விட்டது. சிங்கப்பூர் நம்பர் பிளேட் கார்களெல்லாம் இரண்டாம் வரிசையில் நின்று சாலையை அடைத்தன. சரக்கு தீர்ந்தது. வீட்டு முன்பணத்திலிருந்து எடுத்து மேலும் சரக்கு இறக்கினார். அதுவும் தீர்ந்தது. மறுபடியும் இறக்கினார்.

அடுத்த வாரம் ராஜசேகரன் நேரிலேயே காரில் வந்து இறங்கினார். கையில் முழங்கை உயரத்துக்கு ஒரு தங்க நிறக் கோப்பை. 'ஜொகூரின் தலைசிறந்த கன்சோல் விற்பனையாளர்' என்று அதில் பொறித்திருந்தது. போட்டோ எடுத்தார்கள். பிரேமகுமார் சிரித்தார். ராஜசேகரன் கைதட்டினார். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உபைத் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினான்.

ராஜசேகரன் போனதும் ஷாமளா கோப்பையைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.

"இத வித்தா வீடு வருமா?"

பிரேமகுமார் மை டப்பாவின் மூடியைத் திருகினார்.

"நான் ராத்திரி பூரா கண்ணு முழிச்சு, விடியக்காலைல பாலத்துல நின்னு நின்னு சேத்த காசு. நட்டத்துல விக்கிறதுல ஜொகூர்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட். சந்தோசம்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிரேமகுமார் கடையை வெறித்துப் பார்த்தார். மிச்சமிருந்த பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவற்றையும் நட்டத்துக்கு விற்றால் வாடகைக்கே துண்டு விழும். அப்போதுதான் அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கௌரவம் பார்க்காத ஒரு யோசனை.

உபைதுக்குத் தினமும் பெட்டி தீர்ந்துபோகிறது. தன்னிடம் பெட்டி இருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கிய விலைக்கே அவனிடம் கொடுத்துவிட்டுத் தோற்றுவிட்டேன் என்று ஒத்துக்கொண்டால் என்ன? அதன்பிறகு கைபேசி உறை விற்கலாம். போனில்லாத மாணவன் ஏது?

முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, பிரேமகுமார் அந்தச் சாலையை முதல்முறையாகக் கடந்தார். என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். 'உபைத், நீங்க ஜெயிச்சிட்டீங்க' என்பதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நடுச்சாலையில் நின்று ஒத்திகை பார்த்ததில் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான்.

கடையில் உபைத் இல்லை. கல்லாவில் இருந்த சம்சாத் பேகம் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்கண்ணே, வாங்க! கோப்பை வாங்குனீங்களாமே! முதலாளி எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் குடுத்தாரு. உக்காருங்க."

அந்த மரியாதையில் பிரேமகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரியின் கடையில் இப்படி ஒரு பண்பா!

"இல்லம்மா, உக்கார வரல. உங்களுக்குத் தினமும் பெட்டி பத்தாம போகுதுல்ல? என்கிட்ட மிச்சம் இருக்கிறத எல்லாம் நீங்களே எடுத்துக்குங்க. வாங்குன விலைக்கே தர்றேன். இனிமே பெட்டிய நீங்களே வித்துக்கிங்க. நான் ஒதுங்கிக்கிறேன்."

சம்சாத் பேகம் விழித்தாள். "நாங்க எதுக்குண்ணே பெட்டி வாங்கப் போறோம்? இந்தக் கடையில என்னைக்குமே பெட்டி வித்தது இல்லையே. டிஸ்க், கன்ட்ரோலர் மட்டும்தான்."

பிரேமகுமார் அலமாரிகளைப் பார்த்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும் டிஸ்க். இன்னொரு சுவர் முழுக்கக் கன்ட்ரோலர். ஒரு பெட்டிகூட இல்லை. பெட்டி வைக்க இடமே இல்லை.

"அப்போ..." வாசலில் நின்ற பலகையை நோக்கிக் கை நீட்டினார். "அப்போ தினமும் அதுல எழுதுற விலை?"

"அதுவா?" என்று சிரித்தாள் சம்சாத் பேகம். "அது கஸ்டமருக்கு இல்லண்ணே. எதிர்ல இருக்கிற நம்ம பிராஞ்ச்ல பெட்டிய என்ன விலைக்கு விக்கணும்னு முதலாளி உங்களுக்குத்தான் எழுதிப் போடுறாரு!"