முடிந்த ஆட்டத்தின் முடிவை அறியாத மனிதர்

கடந்த ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, பிற்பகல். இடம்: இத்தாலியின் பலெர்மோ நகரில் கபோ சந்தைக்கு அடுத்த தெருவில் உள்ள தேவாலயப் பங்கு மண்டபம். வெண்திரையில் ஒரு பேஸ்போல் ஆட்டம் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர். அனைவரும் இலங்கைத் தமிழர். பேஸ்போல் பந்தைக் கையால் தொட்டவர் அவர்களில் ஒருவரும் இல்லை. கடைசிக் கட்டத்தில் நீலச் சட்டை அணியின் துடுப்பாளர் ஒருவர் இறங்கியபோது மூன்று பெண்கள் முழந்தாளிட்டனர். ஒருவர் செபமாலையை எடுத்தார். துடுப்பாளர் ஆட்டமிழந்தார். செபமாலை கைப்பைக்குள் திரும்பியது. அந்த ஆட்டம் அமெரிக்காவில் நடந்து முடிந்து அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கும்.

மேலே எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை. அந்த வெண்திரைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்ற மனிதரைப் பற்றி இனி எழுதப்போவது மட்டும் மிகையாகத் தோன்றும். அதற்கு நான் பொறுப்பல்ல, அவர்தான் பொறுப்பு. எதையும் மூன்று விநாடிக்குள் அறிந்துகொள்ள முடிகிற இக்காலத்தில், ஒரு விடயத்தை அறியாமல் இருப்பதற்காக இவ்வளவு பாடுபட்ட இன்னொரு மனிதரை நான் உலகில் எங்கும் கண்டதில்லை.

அவரை ஊரெல்லாம் ‘முடிஞ்ச மட்ச்’ என்றே அழைத்தது. முகத்துக்கு நேரே ‘மட்ச் அண்ணை’. அவர் கோபித்ததில்லை. தொண்ணூறு வயதை எட்டிய ஒரு சிஞ்ஞோரேயின், அதாவது இத்தாலியப் பெரியவரின், வீட்டில் தங்கி, அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, சக்கரநாற்காலியில் தள்ளிச் செல்வது அவருடைய வேலை. சிறுவனாக இருந்தபோது, போர்க்காலத்தில் வந்திறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு வயல்வெளியில் பேஸ்போல் ஆடியதைச் சிஞ்ஞோரே பார்த்திருக்கிறார். அன்று பிடித்த பித்து அவரை விடவில்லை. சிஞ்ஞோரேயிடமிருந்து அது மட்ச் அண்ணைக்குத் தொற்றியது. மட்ச் அண்ணையிடமிருந்து மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தீவுப்பகுதிக்கும், அதாவது பலெர்மோவில் வாழும் அவற்றின் பகுதிகளுக்கு, பரவியது.

பரவியதில் வியப்பில்லை. முதல் நாளே எங்களவர்கள் கண்டுகொண்டார்கள். “இது எங்கடை எல்லே எல்லோ! சப்பாத்தும் தொப்பியும் போட்டு விட்டிருக்கிறாங்கள், அவ்வளவுதான்” என்று பகேரியா அன்ரி தீர்ப்புச் சொன்னார். பகேரியாவிலிருந்து ரயிலில் வருகிற அவர் பள்ளிக்காலத்தில் எல்லே என்ற எங்கள் ஊர்த் தடிப்பந்தாட்டத்தில் பந்தை அடித்துக் கடலில் போட்டவர். அப்படித்தான் அவர் சொல்லுவார். கடல் பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்நகரில் வியாழன் பிற்பகல் ஓய்வு. அமெரிக்காவில் ஆட்டம் நடக்கிற வேளையில் இங்கே எல்லோரும் தத்தம் சிஞ்ஞோராக்களின், அதாவது எசமானியம்மாக்களின், வீடுகளில் உறங்கவேண்டும். ஆகவே நேரடி ஆட்டம் எங்களுக்கு விதிக்கப்படவில்லை. இணையக் களஞ்சியத்தில் கிடக்கும் பழைய ஆட்டங்களே கதி. இந்தக் கதியிலிருந்து மட்ச் அண்ணை ஒரு சட்டநூலையே உருவாக்கினார்.

முதலாவது சட்டம்: ஆட்டத்தின் முடிவை ஒருவரும் தேடக்கூடாது. மண்டப வாசலில் ஒரு பனெத்தோனே கேக் பெட்டி இருக்கும். கைத்தொலைபேசிகள் எல்லாம் அதற்குள். இரண்டாவது: வியாழன் தவிர வேறு நாளில் ஆட்டம் ஓடாது. மூன்றாவது: தொடங்கிய ஆட்டத்தை எல்லோரும் இருந்து முடிக்கவேண்டும். ரயில் போய்விடும் என்று எழுந்த பகேரியா அன்ரிக்குக் கிடைத்த பதில் சரித்திரப் பிரசித்தமானது.

“அன்ரி, அவன் அங்கை மூண்டாவது தளத்திலை அந்தரிச்சுக்கொண்டு நிக்கிறான். அவனை நடுவழியிலை விட்டிட்டு எப்பிடிப் போகப்போறியள்?”

“அவன் நிண்டு நாப்பது வருசமடா!”

“இண்டைக்குத்தான் நிக்கிறான். நீங்கள் இப்பதானே கண்டனீங்கள்.”

அன்ரி அமர்ந்தார். ரயில் போயிற்று. மூன்றாவது தளத்தில் நின்றவனும் வீட்டுக்கு, அதாவது ஓட்டத்தை முடிக்கும் தளத்துக்கு, வரவில்லை.

நல்ல ஆட்டத்தைத் தெரிவு செய்ய முடிவு தெரிந்த ஒருவர் வேண்டும். அந்தப் பாவச்சுமையைச் சிஞ்ஞோரே ஏற்றார். அவர் தெரிவு செய்வார். மட்ச் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு லப்டொப்பில் இறக்குவார். ஆனால் சிஞ்ஞோரே மண்டபத்துக்கு வரும் நாளில் ஒரு சிக்கல். ஆட்டம் உச்சத்துக்கு வருமுன்பே அவர் முகம் மலர்ந்துவிடும், அல்லது கண்கலங்கிவிடும். “மனுசன்ரை முகத்திலை ஸ்கோர் தெரியுது” என்று சொல்லி, மட்ச் அண்ணை சக்கரநாற்காலியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு முதுகின் அசைவையும் சிலர் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கும் ஒரு போர்வை போடப்பட்டது.

ரொறன்ரோவிலிருந்து வந்த அன்ரியின் மருமகன் ஒருநாள் மண்டபத்துக்குள் நுழைந்து, திரையைப் பார்த்து, “ஓ, இந்த மட்சோ! இதிலை கடைசியிலை...” என்று தொடங்கினான். அடுத்த சொல் உலகுக்குக் கிடைக்கவில்லை. மட்ச் அண்ணை அவ்வளவு வேகமாக ஓடி நான் முன்னர் கண்டதில்லை, பின்னரும் கண்டதில்லை. மருமகன் வாசல் அறையில் அமர்த்தப்பட்டான். கேக் கொடுக்கப்பட்டது, இன்னும் கேக் கொடுக்கப்பட்டது. வாய் ஓயாமல் வேலை செய்தால் முடிவு வெளியே வராது என்பது மட்ச் அண்ணையின் கணிப்பு.

செபமாலை விவகாரம் எங்கள் பங்குக் குருவான சுவாமியிடமே போயிற்று. “சுவாமி, முடிஞ்ச மட்சுக்குச் செபிச்சால் செல்லுமோ?” என்று மட்ச் அண்ணை மிகுந்த கவலையோடு கேட்டார்.

சுவாமி நெடுநேரம் யோசித்தார். “ஆண்டவருக்கு நேற்று, இண்டைக்கு எண்டு இல்லை. நீங்கள் இண்டைக்குச் செய்யிற செபம் அவருக்கு அண்டைக்கே கேட்டிருக்கும். தாராளமாச் செபியுங்கோ. ஆனால் ஒரே மண்டபத்திலை இருந்து ரெண்டு பக்கத்துக்கும் செபிச்சு அவரைக் கரைச்சல் படுத்தாதேங்கோ.” அடுத்த வியாழன் சுவாமியும் வந்தார். சிவப்பு அணிக்கு ஆதரவளித்தார். ஆனால் செபிக்க வாயைத் திறக்கவில்லை.

நான் ஊரில் வரலாறு படிப்பித்தவன். நடந்தது நடந்ததுதான், அது ஏன் நடந்தது என்பதுதான் கேள்வி என்று தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஒருநாள் மட்ச் அண்ணையிடம் இதை எடுத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சேர், முடிவு தெரிஞ்சால் அது செய்தி. தெரியாட்டித்தான் அது மட்ச்.”

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருக்கவேண்டும். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பொலிதேயாமா பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை செய்த என் மனைவி, முதலில் எனக்குத் துணையாக மட்டும் வந்தார். இரண்டாம் வியாழன் தனியாக வந்தார். மூன்றாம் வியாழன் மண்டபத்தின் உரத்த குரல் அவருடையது. ஆட்டக்காரரின் ஆங்கிலப் பெயர்கள் யாருக்கும் வாயில் நுழையவில்லை. பெயரிடும் அதிகாரத்தை மனைவி கையிலெடுத்தார். மதிலில் ஏறிப் பந்தைப் பிடித்து, மதிலுக்கு அப்பால் விழுந்து, கையுறையை மட்டும் உயர்த்திக் காட்டியவன் ‘மதிலேறி’. பந்தெறியுமுன் ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றி மாட்டுபவன் ‘மாப்பிள்ளை’. பேருந்தில் போகும்போதும் இவர்களைப் பற்றியே கதை நடக்கும். சொந்தக்காரரைப் பற்றிக் கதைக்கிற அதே அக்கறையோடு.

“அண்டைக்கு அந்த மதிலிலை ஏறினானே, அது ஒரு பிடி!” 

“பிடியைவிட விழுந்ததுதான் வடிவு. அவன்ரை தாய் பாத்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பாள்!”

கடந்த குளிர்காலத்தில் சிஞ்ஞோரே ஒரு பெரிய தொடரைத் தெரிவு செய்தார். ஏழு ஆட்டங்கள், நீலமும் சிவப்பும். வியாழனுக்கு ஒன்று. ஆறு ஆட்டங்களின் முடிவில் மூன்றுக்கு மூன்று. மண்டபமே காய்ச்சலில் கிடந்தது. ஏழாவது ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை என் மனைவியை மருத்துவமனையில் சேர்த்தோம். நோய் முன்பே இருந்தது. அன்று அதை மறைக்க முடியவில்லை. மருத்துவர் என்னை நடைபாதைக்கு அழைத்து, நான் புரிந்துகொள்ளும்படி மெதுவான இத்தாலியனில் பேசினார். வியாழன் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. அதற்கு முன்னரான நாட்களைப் பற்றித்தான் பேசினார்.

மட்ச் அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“அப்ப நான் திங்கள் வாறன், சேர்.”

அவர் வாயிலிருந்து திங்கள் என்ற சொல் வந்ததன் பெறுமதியை அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் மட்டுமே அறிவார்கள்.

திங்கட்கிழமை அவர் வந்தார். ஒரு கையில் லப்டொப். மறுகையால் சக்கரநாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிஞ்ஞோரேயை வீட்டில் தனியே விடமுடியாது. இத்தனை பேருக்கு அனுமதியில்லை என்று தாதி மறித்தார். இறுதி ஆட்டம் என்றார் மட்ச் அண்ணை. என்ன இறுதி ஆட்டம், யார் ஆடுகிறார்கள் என்று தாதி கேட்டார். நீலமும் சிவப்பும் என்பதற்கு மேல் மட்ச் அண்ணைக்குத் தெரியாது. முடிவு என்ன என்பது இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது, இந்த ஐயாவைத் தவிர, அவர் சொல்லமாட்டார் என்று மட்ச் அண்ணை தன் இத்தாலியனில் விளக்கினார். தாதி வழிவிட்டார். இறுதி ஆட்டத்தை மறிக்கும் துணிவு இந்த நாட்டில் யாருக்கும் இல்லை.

சிஞ்ஞோரே சுவரைப் பார்த்தபடி நிறுத்தப்பட்டார். போர்வை இல்லாததால் மட்ச் அண்ணையின் குளிர்ச்சட்டை அவர் முதுகில் விழுந்தது.

என் மனைவி கண் திறந்தார். “தம்பி, இண்டைக்கு வியாழனோ?”

“ஓம் அக்கா. வியாழன்தான்.”

“பொய் சொல்லாதை. திங்கள். எனக்கு உடம்பிலை வருத்தம், விசர் இல்லை.”

ஆட்டம் தொடங்கியது. மனைவியின் குரல் மெலிந்திருந்தது. ஆனால் மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றியபோது வழக்கமான ஏச்சு விழுந்தது. பாதிக்கு மேல் ஓடியிருக்கும். சிவப்பு அணி அடித்த பந்து உயர எழுந்தது. மதிலேறி திரும்பி மதிலை நோக்கி ஓடினான். கை உயர்ந்தது.

“நிப்பாட்டு” என்றார் என் மனைவி.

மட்ச் அண்ணை நிறுத்தினார். பந்து திரையின் மேல்மூலையில் நின்றது.

“களைக்குது. மிச்சம் வியாழன், மண்டபத்திலை பாப்பம்.”

“அக்கா, ஒரு செக்கன்தான். பிடிக்கிறானோ இல்லையோ எண்டு மட்டும்...”

“உன்ரை சட்டமெல்லோ? எல்லாரும் இருக்கோணும்.”

சுவரோரத்தில் சிஞ்ஞோரேயின் தோள்கள் குலுங்கின. அந்த ஒருமுறை அதை யாரும் படிக்க முயலவில்லை. அவர் தன் வாயைத் தானே கையால் பொத்தியிருந்தார்.

என் மனைவி புதன்கிழமை காலமானார்.

அடக்கச் சடங்கின்போது, சிஞ்ஞோரே என் கையைப் பற்றிக்கொண்டு, ஆறுதலாக எனக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பொருளைத் தர முற்பட்டார். “அந்தப் பந்து...” என்று தொடங்கினார். சக்கரநாற்காலி உடனே பின்னோக்கி ஓடியது. பீடத்திலிருந்து கோவில் வாசல்வரை, இரு பக்கமும் இருந்தவர்கள் கால்களை இழுத்துக்கொள்ள, மட்ச் அண்ணை அவரைப் பின்புறமாகவே இழுத்துச் சென்றார். அழுதுகொண்டிருந்த பகேரியா அன்ரி சிரித்துவிட்டார். என் மனைவி இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

அதன் பின்னர் நடந்ததை அன்ரி தொலைபேசியில் சொன்னார். வியாழன்தோறும் மண்டபம் திறக்கிறது. திரை விழுகிறது. பந்து மேல்மூலையில் நிற்கிறது. மட்ச் அண்ணை அதை ஓடவிடுவதில்லை. தொடர் முடியாததால் வேறு ஆட்டமும் போடுவதில்லை. வந்தவர்கள் தேநீர் குடித்து, அசையாத பந்தைப் பார்த்து, மதிலேறி பிடிப்பானா என்று வாதாடி, பழைய பிடிகளைப் பற்றிக் கதைத்து, வீடு திரும்புகிறார்கள். கூட்டம் மெலிந்துவருகிறது.

“சேர், எங்கடை முடிஞ்ச மட்ச் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறான். கேக்கவும் மாட்டான். நீங்கள் வராட்டி இந்த வியாழன் எல்லாம் இப்பிடியே போய்முடியும்.”

என் கைத்தொலைபேசியில் சில எழுத்துகளைத் தட்டினால் அந்தப் பந்தின் கதி தெரிந்துவிடும். நான் தட்டவில்லை. நடந்தது நடந்ததுதான் என்று படிப்பித்த எனக்கு இது எப்படி வந்தது என்று நான் ஆராயவும் இல்லை.

சென்ற வியாழன் போனேன். சிலரே இருந்தார்கள். எனக்கு இடம்விட்டார்கள். மட்ச் அண்ணை லப்டொப்பை என் முன்னால் வைத்து ஒதுங்கி நின்றார். திரையில் மதிலேறியின் கை உயர்ந்திருந்தது. நான் வெகுநேரம் பார்த்தேன். விசையை அழுத்த முடியவில்லை.

அவர் மெல்ல வந்து மூடியைச் சாத்தினார். “அவசரமில்லை, சேர். நாப்பது வருசம் பொறுத்த பந்து. இன்னும் கொஞ்சம் பொறுக்கும்.”

இன்னும் செய்யாமல் இருப்பவை:

மனைவியின் பேருந்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தல்.

பொலிதேயாமா சிஞ்ஞோராவின் வீட்டுச் சாவியைச் சேர்ப்பித்தல்.

தாதிக்கு நன்றி சொல்லுதல். யார் வென்றது என்று கேட்டால், தெரியாது என்று சொல்லுதல்.

ஒரு வியாழக்கிழமை, மட்ச் அண்ணையிடம் “ஓடவிடும்” என்று சொல்லுதல்.

சொன்ன பிறகு, அவருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்காருதல். அதைத் தனியே பார்க்க அவரால் இயலாது.