மேரிலாந்துக்கு அஞ்சு நண்டு

இண்டைக்குக் காலையில எனக்கு வேலை ஒண்டுதான். வாழைச்சேனைக்குப் போய் உயிர் நண்டு அஞ்சு வாங்கணும்.

கறிக்கில்ல. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில ஆங்கில தினக் கண்காட்சி. வகுப்புக்கு ஒரு அமெரிக்க மாநிலம். பக்கத்து வகுப்புக்கு கலிபோர்னியா, கொடியில கரடி. எங்களுக்கு மேரிலாந்து. தலைநகர் அன்னாபொலிஸ். மாநிலப் பூனை மூவண்ணப் பூனை, மாநிலப் பானம் பால், அதோட மாநிலச் சின்னமா ஒரு நீல நண்டு.

இதென்ன மாநிலமா, எங்கட குசினியா எண்டு யோசிச்சன்.

ரெண்டு வருசமா பக்கத்து வகுப்புத்தான் முதலிடம். இந்த முறையும் தோத்தா என்ட பிள்ளைகள்ட முகத்தைப் பாக்க ஏலாது. "அவங்களால கரடியைக் கொண்டுவர ஏலா. நாங்க நண்டைக் கொண்டுவருவம்" எண்டு வாய் விட்டிட்டன்.

நண்டு வித்தவர் கேட்டார், "கறிக்கா ரீச்சர்?"

"இல்ல, கண்காட்சிக்கு."

"நல்ல சதை இருக்கு, வீணாப் போகப்போகுது" எண்டார்.

வகுப்பில ஒரே வெயில். புள்ளி போடக் கல்வி அதிகாரி வாற நேரம் வகுப்புக் கண்ணாடித் தொட்டியில விடலாமெண்டு, வாளியைச் சமையலறை நிழல்ல, தேங்காய்க்குப் பக்கத்தில வெச்சன். பெரிய புத்திசாலி எண்டு நினைப்பு.

எங்கட பக்கம் அதிகாரி வாறாரெண்டா, மதியச் சாப்பாட்டுக்குப் பெற்றோர் ஆளுக்கொண்டா கொண்டுவந்து சமையலறையில வெச்சிட்டுப் போவாங்க. யார் வெச்சது எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. பத்து வருசமா படிப்பிக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஞாபகம் வரல்ல.

அதிகாரிக்கு முதல்ல சாப்பாடு, மறுகா கண்காட்சி. முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. நானும் ரெண்டு கால் உடைச்சன். குழம்பும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினன்.

சமைச்ச புனிதா ரீச்சரிட்ட கேட்டன், "நண்டு யார் தந்த?"

"தெரியா. தேங்காய்க்குப் பக்கத்தில ஒரு வாளியில இருந்திச்சி. அஞ்சு."

சோத்துக் கோப்பையை அப்பிடியே வெச்சன்.

வகுப்புக்கு ஓடினன். கண்ணாடித் தொட்டியில தண்ணி மட்டும். மேல பெரிசா, 'மேரிலாந்தின் நீல நண்டு'. பிள்ளைகள் எல்லாம் என்ட கையைப் பாக்குதுகள். எனக்கு மெய்யாவே அழுகை வந்திட்டு.

அதிகாரி வந்தார். குனிஞ்சு தொட்டியைப் பாத்தார். "நண்டு எங்க ரீச்சர்?"

பொய் சொல்ல வாய் வரல்ல. "சேர், அது... இப்பதான் நாம எல்லாருமாச் சாப்பிட்டம்."

தன்ட கையை ஒருக்கா மோந்து பாத்தார். புள்ளித்தாளில என்னமோ எழுதினார்.

முதலிடம் எங்களுக்கு.

போகேக்குள்ள என்னைத் தனியாக் கூப்பிட்டார். "ரீச்சர், இறாலைச் சின்னமா வெச்ச மாநிலம் ஏதும் இருக்கா?"

"இருக்கு சேர். அலபாமா."

பின்னால நிண்ட புனிதா ரீச்சர் கேட்டா, "எத்தினை கிலோ வேணும்?"