மீன் எண்ணெய் சாப்பிட்ட அணில்

ஒரு காட்டில் ஆங்கிலவழிப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதற்கு வாத்தியார் ஒரு கொக்கு. குளம் வற்றிப் பிழைப்பு போனதும், ஒற்றைக் காலில் நாள் முழுக்க அசையாமல் நிற்பாரே, அந்தத் தகுதி போதும் என்று வேலை கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் இதைவிடக் குறைந்த தகுதிக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள், விடுங்கள்.

அந்த வகுப்பில் மின்னி என்று ஓர் அணில் குட்டி. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராது. இலை விழுந்தால் ஓடும், எறும்பு போனால் பின்னாலேயே போகும். வாத்தியார் அதன் அம்மா கோமளாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க பிள்ளைக்குக் கவனமே இல்லைங்கம்மா. இந்த மாசத்துக்குள்ள அசையாம உட்காரலேன்னா டி.சி. கொடுத்துடுவோம்."

அங்கே இடம் வாங்கக் கோமளா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நேரே ஆந்தை டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் மின்னியோடு அரைமணி நேரம் பேசிப் பார்த்தார்.

"கவனக்குறைபாடா இருக்கலாம். நிதானமா பாப்போம். மீன் எண்ணெய் சில பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் உதவலாம், பல பேருக்கு ஒரு மாத்தமும் தெரியாது. இரும்பு, துத்தநாகமெல்லாம் ரத்தத்துல குறைஞ்சிருந்தாத்தான் கொடுக்கணும். முதல்ல நல்லா தூங்கட்டும், ஓடி விளையாடட்டும்."

வெளியே வந்த கோமளாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, ஒரு சீட்டுகூட எழுதவில்லை, இவரெல்லாம் என்ன டாக்டர் என்று பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டாள். நாற்பது பேர் நாற்பது யோசனை சொன்னார்கள். எல்லாம் கரடி கடையில்தான் போய் முடிந்தன. நேற்றுவரை தேன் விற்ற கரடி இப்போது வெள்ளைக் கோட்டு போட்டிருந்தது.

"மீன் எண்ணெய் மாத்திரைம்மா. வேளைக்கு ஒண்ணு."

"மூணா கொடுத்தா சீக்கிரம் கேக்குமா?"

"தாராளமா கேக்கும்" என்றது கரடி. கரடிக்கென்ன.

பத்தே நாளில் மின்னி தலை முதல் வால் வரை மீன் நாற்றம் அடித்தது. மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டன. வாத்தியார் மட்டும் பிடிக்கவில்லை. மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு மின்னியையே இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கோமளா பூரித்துப் போனாள்.

மறுநாள் அலகு சரேலென்று இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஜன்னலில் ஓர் எறும்பு போனது. மின்னி அதன் பின்னால் தாவிவிட்டது. அலகு பெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது.

"அம்மா, வாத்தியார் என்னைத் தின்னப் பாத்தாரு."

"படிக்கச் சொன்னா இப்படித்தான் ஏதாவது கதை கட்டுவே."

சாயங்காலமே டி.சி. வந்தது. 'பாட நேரத்தில் உட்கார்ந்த இடத்தில் இல்லை' என்று காரணம் போட்டிருந்தது. மற்ற பெற்றோருக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை போனது: இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் மீன் எண்ணெய் கட்டாயம். கரடி கடை வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது.

இரண்டு மாதத்தில் அந்த வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அசைகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. வாத்தியார் மட்டும் கொஞ்சம் பருத்திருந்தார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டவர்களிடம், "ஸ்பெஷல் கிளாஸ்ல இருக்காங்க" என்றார். பெற்றோருக்குப் பரம திருப்தி. காட்டிலேயே ஒழுக்கமான பள்ளி என்று விருதும் கிடைத்தது.

மாமரத்தில் மின்னி கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. கீழ்க்கிளையில் உட்கார்ந்து அந்தப் பள்ளிக்கூடத்தையே பார்த்த கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நமக்குத்தான் கொடுத்து வைக்கலை" என்றாள்.

நீதி: மாத்திரை கொடுத்தால் கவனம் கூடத்தான் செய்யும், யாருக்கு என்று மட்டும் புட்டியில் போட்டிருக்க மாட்டார்கள்.