ஒன்பது பேர், பத்துக் கை

பிள்ளைகளே, உங்கள் அப்பாவும் ஒரு காலத்தில் அரசியலில் இருந்தவன்தான். ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. ஆனாலும் இருந்தேன்.

அது ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தங்கி, சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக வேலை பார்த்தேன். அரிசி கண்ணில் படவில்லை. பந்து விளையாடும் பாடாங்கைக் கொத்திக் கிழங்கு நடுவது என்று குவார்ட்டர்ஸ்காரர்கள் முடிவெடுத்தார்கள். என்ன கிழங்கு என்பதில்தான் சண்டை. மரவள்ளி என்றார் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் தங்கவேலு. சர்க்கரைவள்ளி என்றார் எங்கள் பெரிய கிராணி. பேசித் தீராததால், ஒன்பது பேர் கமிட்டிக்குத் தேர்தல் வைத்தோம். (நாட்டில் ஓட்டு என்ற பேச்சே கிடையாது. எங்கள் பாடாங்கில் மட்டும் நடந்தது!)

முடிவு வந்தது. மரவள்ளிக் கட்சிக்கு நான்கு, சர்க்கரைவள்ளிக் கட்சிக்கு நான்கு. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மிச்ச இடம் கட்சியில்லாத எனக்கு. பிரம்மச்சாரிகள் அறையிலிருந்து வேறு யாரும் நிற்கவில்லை, அதனால் ஜெயித்தேன்.

மறுநாளே பெரிய கிராணி என் மேசைக்கு வந்துவிட்டார். "என்னப்பா, உன் கை எங்க பக்கம்தானே? மரவள்ளிக்குக் காத்திருந்தா எலும்பாயிடுவோம்."

மேலதிகாரி. "ஆமாங்க சார்" என்றேன்.

சாயங்காலம் தங்கவேலு வீட்டுக்குக் கூப்பிட்டார். "சர்க்கரைவள்ளிய எலி விட்டு வைக்குமா தம்பி? மரவள்ளிதான் நின்னு பசி தீர்க்கும்."

எனக்குக் கிழங்கு நினைப்பே இல்லை. சோளத்தை வறுத்துப் போட்ட காப்பியைக் கொண்டுவந்து வைத்தது அவர் மகள் சரோஜா. (ஆமாம், உங்கள் அம்மாவேதான்.) அவளைப் பெண் கேட்க வாய் வராமல் மாதக்கணக்கில் தவித்துக்கொண்டிருந்தவன் நான். "மரவள்ளிக்குத்தாங்க மாமா என் கை" என்று சொல்லிவிட்டேன். 'மாமா' என்றதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கூட்டம் பாடாங்கிலேயே நடந்தது. குவார்ட்டர்ஸே திரண்டிருந்தது, சரோஜா உட்பட.

"மரவள்ளிக்குக் கை தூக்குங்க."

தூக்கினேன். ஐந்து. தங்கவேலு மீசையைத் தடவிக்கொண்டார்.

"சர்க்கரைவள்ளிக்கு?"

பெரிய கிராணி என்னையே பார்த்தார். என் கை தானாக எழுந்தது. அதுவும் ஐந்து.

"ஒன்பது பேருக்கு எப்படிலா பத்துக் கை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தங்கவேலு, கிழங்கு கிடக்கட்டும். முதல்ல இவனக் கமிட்டிய விட்டுத் தூக்குவோம்" என்றார் பெரிய கிராணி.

எட்டுக் கைகளும் ஒன்றாக எழுந்தன. அந்தக் கமிட்டி ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் அது ஒன்றுதான். பாடாங்கைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு பாதியையும் கொத்தும் தண்டனை எனக்கு.

"ரெண்டு பக்கமும் கை தூக்குற பயலுக்கு நான் மாமாவா?" என்று குதித்தார் தங்கவேலு.

"ரெண்டு பக்கமும் கொத்தட்டும்பா, அப்புறம் பாப்போம்" என்று சரோஜா முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

கொத்தினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மரவள்ளி தோண்டி முடிந்த பிறகுதான் கல்யாணம். (சர்க்கரைவள்ளி தோண்டியதுமே முடித்திருக்கலாம். என் நேரம்!) இன்றைக்கும் தோசையா இட்டிலியா என்று நான் யோசித்தால், "பத்தாவது கை என்ன சொல்லுது?" என்பாள் உங்கள் அம்மா. நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். காரணம் இதுதான்.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அன்று எல்லாரும் கலைந்த பிறகு, காலிப் பாடாங்கில் தனியாக நின்றேன். அக்கம்பக்கம் பார்த்தேன். அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, கையை நன்றாக உயர்த்திப் பிடித்தேன். அந்த ஓட்டை வேறு யாருக்கும் போடவில்லை.