முன்னால் ஒரு சங்கிலி

இருபக்கம் சார் மாதிரி ஒரு மனிதரை ஈரேழு பதினான்கு லோகத்திலும் தேட வேண்டாம். ஒருவரிடம் நான் பட்டதே போதும்.

ஐம்பதுகளின் கடைசியில் கொல்லிமலையில் ரோடுக்காக அளந்துகொண்டிருந்தோம். அவர் சர்வேயர், நான் உயரம் பார்க்கக் கோல் பிடிப்பவன். ஓர் இடத்தின் சரிவு தெரிய வேண்டுமென்றால் முன்னால் ஒரு சங்கிலி தூரத்தில், அதாவது அளக்கிற இரும்புச் சங்கிலியின் முழு நீளத்தில், உயரம் பார்ப்பார், பின்னால் ஒரு சங்கிலி தூரத்தில் பார்ப்பார், வித்தியாசத்தை இரண்டு சங்கிலியால் வகுப்பார். நாங்கள் வைத்த பெயரும் அதனால்தான். நியாயமான முறைதான். அதை வாழ்க்கைக்கும் வைத்துக்கொண்டதுதான் வினை. எனக்குப் பெண் பார்க்க வந்தவர், பெண் வீட்டுக்கு இடப்பக்கத்து வீட்டில் விசாரித்தார். வலப்பக்கம் மாட்டுக்கொட்டகை. அங்கேயும் போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு, "தகவல் போதாது" என்று வந்தார். சம்பந்தம் அதோடு போயிற்று.

மலைமேல் பைல் நாடு என்கிற ஊர்ப்பக்கம் எங்கள் அளவுக் கோடு ஒரு பாறை விளிம்பில் முடிந்தது. ரோடு அங்கே மடங்க வேண்டும். மடங்கிய பிறகு வருவது வேறு கோடு, வேறு நோட்டு. என்னை முன்னால் ஒரு சங்கிலி போகச் சொன்னார். முன்னால் பள்ளம்தான் இருக்கிறது என்றேன். எட்டிப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். இல்லாத இடத்துக்குப் பூஜ்யம்தானே என்று அந்த உயரத்தைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டார். உயர நோட்டில் பூஜ்யம் என்றால் கடல் மட்டம். காகிதத்தில் எங்கள் ரோடு ஒரே சங்கிலியில் கடலில் போய் விழுந்தது. மேலாபீசிலிருந்து வரைபடம் திரும்பி வந்தது: பத்து நாளில் திருத்தாவிட்டால் ரோடு கிடையாது.

சங்கிலியின் மறுமுனை பிடித்த வெள்ளையம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. மிளகையும் பலாவையும் தலைச்சுமையாக இறக்கும் குடும்பம். போன மழையில்தான் அவள் புருஷன் சுமையோடு வழுக்கிக் காலை முறித்துக்கொண்டிருந்தான்.

இவரோ பூஜ்யத்தை அடித்துவிட்டு, மூங்கிலோடு மூங்கிலைக் கட்டிப் பள்ளத்தின் மேல் நீட்டி, நுனியில் கோலைத் தொங்கவிட ஆரம்பித்தார். அடிமூங்கிலில் பாரத்துக்கு நான். எட்டு நாள் உட்கார்ந்தேன். எட்டு மூங்கில் முறிந்தது. ஒன்பதாம் நாள் கயிறு எடுத்து என் இடுப்பை அளந்தார். வேலையே வேண்டாம் என்று கோலைக் கீழே போட்டேன்.

அப்போதுதான் வெள்ளையம்மாள் வாய் திறந்தாள். "ஏனுங்க சார், நிக்கிற எடத்தையும், அதுக்குப் பின்னால ரெண்டு எடத்தையும் பாத்து எழுதுனா ஆகாதுங்களா?"

"ஒரு பக்கம் மட்டும் பாத்துச் சொல்றது வதந்தியாச்சேம்மா."

"கடல்னு எழுதுனதுக்கு வதந்தி தேவலீங்க."

நோட்டைப் புரட்டி, அடித்த பூஜ்யத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி அளந்து எழுதினார். அடியில் ஒரு குறிப்பு: 'இந்த ஓர் இடத்தில் மட்டும் முன்னால் பார்க்க முடியவில்லை. மன்னிக்கவும்.' வரைபடம் தேறியது.

இன்று பஸ் அந்த விளிம்பில் மடங்கும்போது எல்லோரும் பயத்தோடு முன்னால் பள்ளத்தைப் பார்க்கிறார்கள். நான் திரும்பிப் பின்னால் பார்க்கிறேன். நோட்டும் கையுமாக அந்த மனிதர் அங்கே நின்றால், இன்னொரு தடவை மூங்கில் மேல் உட்காரத் தயார்.