ராசிக்கண்ணும் குடைத்துணியும்

அன்புள்ள மருமகன் முகம்மது சுல்தானுக்கு, மாமனார் சீனி முகம்மது சொல்லி எழுதுவிக்கும் சலாம்.

தைப்பிங்கில் நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கையேந்துகிறேன். சூலியா தெருவில் நாங்களும் சுகம். மரவள்ளிக்கிழங்கு தின்று எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு. இந்த யுத்தகாலத்தில் அரிசிச் சோற்றைக் கண்ணால் பார்த்து மாதங்கள் ஆயின. எனக்கு எழுத்துத் தெரியாது. எழுதுவது உங்கள் மனைவி ஹாஜரா. அவளைப் பற்றிய புகார் வரும் இடங்களில் மை மங்கலாக இருந்தால் உற்றுப் படியுங்கள்.

உங்கள் மகள் ஆசியாவின் இடக்கண் மூக்கைப் பார்த்துச் சாய்ந்திருப்பதும், அதை ராசிக்கண் என்று தெருவே கொண்டாடுவதும் உங்களுக்குத் தெரியும். கடை திறக்கிறவன் இவளை நிறுத்தி ஒரு பார்வை பார்க்கவைத்த பிறகுதான் வியாபாரத்தைத் தொடங்குவான். பக்கத்து வீட்டு ஹபீபா பீவி லாட்டரிச் சீட்டை அந்தக் கண்ணுக்கு நேரே காட்டிவிட்டுத்தான் பெட்டியில் வைப்பாள். இப்படி ஊருக்கே உழைக்கிற கண்ணை உங்கள் மனைவி யாழ்ப்பாணத்து டாக்டர் தியாகராஜாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்ப்பதால் மூளை குழம்பி, சாய்ந்த கண் சொல்வதைக் கேட்பதையே விட்டுவிட்டதாம். இந்த வயதில் கவனிக்காவிட்டால் அந்தக் கண் பார்க்கவே மறந்துவிடுமாம், வளர்ந்த பிறகு பார்வையை மீட்பது கஷ்டமாம். அதனால் தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணைக் கட்டிவைத்து, சோம்பேறிக் கண்ணை வேலைவாங்க வேண்டுமாம். கட்டுவதற்கு இந்தக் காலத்தில் துணி ஏது? ஹாஜரா என் குடையை வெட்டினாள். இப்போது பேத்தியின் கண் மூடியிருக்கிறது, என் தலை நனைகிறது.

முதல் நாள் கட்டியதும் ஆசியா பூனையை மடியில் வைத்து, "நன்னா, ஏன் இன்னிக்குத் தாடி சின்னதா இருக்கு?" என்று கேட்டாள். பக்கத்தில் போன நிஜ நன்னாவை, தாத்தாவாகிய என்னைப் பார்த்து, "ச்சூ, போ!" என்றாள். மறுநாள் என்னோடு பாசாருக்குக் காய் வாங்கப் போகும் வழியில், முச்சந்தியில் துப்பாக்கியோடு காவல் நிற்கிற, ஊரைப் பிடித்த பட்டாளத்துக்காரருக்குக் குனிந்து வணங்க வேண்டிய பிள்ளை, பக்கத்தில் நின்ற மாட்டுவண்டிக்குக் குனிந்தாள். அறை எனக்கு விழுந்தது. யார் அறைந்தது என்று எழுத வேண்டாம் என்கிறாள் உங்கள் மனைவி. என் கன்னத்துக்குத் தெரியும்.

பிள்ளை அழுவதைப் பொறுக்காமல், ஹாஜரா இல்லாத நேரமெல்லாம் கட்டை நான் சாய்ந்த கண்ணுக்கு மாற்றிவிட்டேன். நோயுள்ள கண்ணுக்குத்தானே ஓய்வு வேண்டும்? டாக்டர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"பெரியவர், நான் எந்தக் கண்ணை மூடச் சொன்னனான்?"

"சோம்பேறியை எழுப்பறதுக்கு உழைப்பாளியக் கட்டிப்போடறது எந்த ஊரு நியாயம்லா?"

"கண்ணின்ர நியாயம் அதுதான். முதல்ல பார்வை வரட்டும். கண்ணை நேராக்கிறதைக் காலம் சரியான பிறகு பார்ப்பம்."

ஹபீபா பீவியோ வாசலில் நின்று, "நேராயிட்டா ராசி போயிடும்லா, அண்ணே! உங்க மகளுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கண்ணீர் விடுகிறாள். நான் சொன்னேன். ஹாஜரா கேட்டாள்: "என் மக பாக்கணுமா அத்தா, இல்ல ஊருக்காரங்க அவ கண்ணப் பாக்கணுமா?" பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது? ஆகவே மருமகனே, இதைக் கண்டதும் ரயிலேறி வந்து, கட்டை அவிழ்க்கும்படி உங்கள் மனைவிக்கு உத்தரவிடுங்கள்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த அடுப்பையும் அல்லாஹ் தருவானாக.

சீனி முகம்மது

பின்குறிப்பு: ஹாஜரா இதைப் படித்துக்காட்டும்போது, நல்ல கண்ணில் கட்டோடு எதிரே இருந்த ஆசியா, "நன்னா, உங்க தாடியில சோறு" என்றாள். "கிழங்குலா அது" என்றேன். "இல்ல, சோறு. ஒண்ணு இல்ல, ரெண்டு." தடவிப் பார்த்தேன். இரண்டு பருக்கை! பூனையையும் என்னையும் பிரித்தறியாத கண், மருமகனே! ஹாஜரா அழுதாள், சிரித்தாள், பிறகு, "சோறு ஏது, அத்தா?" என்றாள். ஹபீபா பீவி கொடுத்ததுதான். கட்டை அவிழ்க்கவைத்தால் இன்னொரு கிண்ணம் என்றிருந்தாள். இந்த வரியை உங்கள் மனைவி அழுத்தி எழுதுகிறாள், தாள் கிழிகிறது. உத்தரவு ஒன்றும் வேண்டாம். வந்தால் ஒரு குடை கொண்டுவாருங்கள். நனையாமல் இருப்பதற்கல்ல, கட்டுத் துணி நைந்துவிட்டது.